ஏஜென்சி கேரர் வேலை: இங்கிலாந்தில் முதல் ஷிஃப்டுக்கு முன்னும் பின்னும்

கேர் ஹோமில், அதாவது முதியோர் பராமரிப்பு இல்லத்தில், நிரந்தரமாக வேலை பார்ப்பவருக்கு யாருக்கு எந்த அறை, யார் எந்தப் பக்கம் திரும்பிப் படுப்பார், யாருக்குத் தேநீரில் சர்க்கரை இரண்டு என்பதெல்லாம் மனப்பாடம். ஆள் குறையும் ஷிஃப்டுக்கு ஏஜென்சி அனுப்பிப் போகிறவர் காலை ஏழே காலுக்குக் கதவு மணியை அழுத்தும்போது அங்கே ஒருவர் பெயரும் தெரியாது. ஆனால் பத்து மணிக்குள் ஏழெட்டுப் பேரை எழுப்பி, கழுவி, உடுத்தி, சாப்பிட உட்கார வைத்திருக்க வேண்டும். வேலை கடினம் என்பதைவிட, தெரியாத இடத்தில் வேலை என்பதுதான் இதில் சிக்கல். மாணவர் விசாவிலும் கிராஜுவேட் விசாவிலும் துணைவர் விசாவிலும் வந்த நம்மவர்கள் பலர் இந்த வேலையில் இறங்குகிறார்கள். அவர்களை மனதில் வைத்து எழுதியது இது. இங்கே சொல்வது இங்கிலாந்தின் நடைமுறை. ஸ்காட்லாந்தில் டிபிஎஸ் என்ற குற்றப் பதிவுச் சோதனைக்குப் பதில் பிவிஜி, பதிவு முறையும் வேறு.

விசா கணக்கு முதலில்

டிகிரி அல்லது அதற்கு மேல் படிப்பவர்களுக்கு டெர்ம் காலத்தில் வாரம் 20 மணி நேரம்தான். இதில் சராசரி கிடையாது. இந்த வாரம் 10 செய்தேன், அடுத்த வாரம் 30 செய்கிறேன் என்றால் அது மீறல். வாரம் என்பது திங்கள் முதல் ஞாயிறு வரை. இரண்டு ஏஜென்சியில் பதிந்திருந்தால் இரண்டும் சேர்த்துத்தான் 20.

பலர் மாட்டிக்கொள்வது 12 மணி நேர ஷிஃப்டில். காலை 8 முதல் இரவு 8 வரை ‘லாங் டே’. ஊதியமில்லாத இடைவேளை ஒரு மணி நேரத்தைக் கழித்தால் 11 மணி. வாரத்துக்கு இரண்டு லாங் டே என்று எடுத்தால் 22. எல்லை தாண்டிவிட்டது. ஆகவே ஒரு லாங் டேயும் ஒரு அரை நாள் ஷிஃப்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஞாயிறு இரவு தொடங்கும் நைட் ஷிஃப்டில் நள்ளிரவுக்கு முந்தைய மணிகள் இந்த வாரத்திலும், பிந்தையவை அடுத்த வாரத்திலும் சேரும். ஏஜென்சி ஆள் ‘அதெல்லாம் நாங்க பாத்துக்கறோம்’ என்பார். விசா உங்களுடையது, நீங்கள்தான் பார்க்க வேண்டும். இன்னொன்று, மாஸ்டர்ஸ் படிப்பவர்களுக்குக் கோடைக்காலம் பெரும்பாலும் விடுமுறை அல்ல. டிசர்டேஷன் எழுதும் மாதங்களும் டெர்ம்தான். உங்கள் பல்கலைக்கழகம் தரும் தேதிகளை எழுத்தில் வாங்கி வையுங்கள்.

ஸ்பான்சர்ஷிப்பில் இருப்பவர்களுக்குத் தனி விதிகள். ஸ்பான்சரிடம் வேலை இல்லாமல் ஏஜென்சி ஷிஃப்டை மட்டும் நம்பி ஓட்டுவது விசா மீறல். 2025 ஜூலை 22 முதல் வெளிநாட்டிலிருந்து புதிதாகக் கேர் வொர்க்கர்களை ஸ்பான்சர் செய்யும் வழி மூடப்பட்டுவிட்டது. ஊரில் இருக்கும் தம்பிக்குக் கேரர் வேலைக்கு ‘காஸ்’ (ஸ்பான்சர்ஷிப் சான்று) வாங்கித் தருகிறேன் என்று இப்போது யாராவது காசு கேட்டால், மேற்கொண்டு பேச ஒன்றுமில்லை.

காகிதங்கள்

ரைட் டு வொர்க், அதாவது வேலை செய்யும் உரிமைச் சோதனைக்கு, ஈவிசா கணக்கிலிருந்து எடுக்கும் ஷேர் கோடு வேண்டும். அது W என்ற எழுத்தில் தொடங்க வேண்டும். 90 நாள் செல்லும். பள்ளி முடித்ததிலிருந்து இன்றுவரை முழு வேலை விவரமும் கேட்பார்கள். நடுவில் இடைவெளி இருந்தால் காரணம் எழுத வேண்டும். ‘வீட்டில் மாமியாரைப் பார்த்துக்கொண்டேன்’ என்பது நல்ல காரணம்தான். வெறுமனே விடுவதுதான் ஆகாது. ரெஃபரன்ஸ் பொதுவாக இரண்டு. ஊரில் வேலை பார்த்த நிறுவனத்தின் மின்னஞ்சல் ஜிமெயிலில் இருந்தால் இங்கே ஏற்கத் தயங்குவார்கள். நிறுவனத்தின் சொந்த முகவரியிலிருந்து பதில் வருமா என்று முன்னரே கேட்டு வையுங்கள். ரெஃபரன்ஸ் வராமல் வாரக்கணக்கில் காத்திருப்பவர்கள்தான் அதிகம்.

டிபிஎஸ் ‘என்ஹான்ஸ்டு’ வகை. கட்டணம் 49.50 பவுண்டு. சான்றிதழ் வந்த 30 நாளுக்குள் ஆண்டுக்கு 16 பவுண்டு கட்டி அப்டேட் சர்வீஸில் சேர்ந்துவிடுங்கள். சேராவிட்டால் அடுத்த ஏஜென்சி திரும்பவும் முதலிலிருந்து டிபிஎஸ் எடுக்கச் சொல்லும். முப்பதாவது நாள் தாண்டிவிட்டால் அந்தச் சான்றிதழை வைத்துச் சேர முடியாது. ஊரிலிருந்து போலீஸ் கிளியரன்ஸ் சான்றிதழும் கேட்பார்கள். விமானம் ஏறுமுன்பே வாங்கி வருவது சுலபம்.

பயிற்சியில் பாதி ஆன்லைனில் முடிந்துவிடும். மூவிங் அண்ட் ஹேண்ட்லிங்கும் அடிப்படை உயிர்காப்புப் பயிற்சியும் நேரில் செய்திருக்க வேண்டும். வீடியோவில் மட்டும் பார்த்துச் சான்றிதழ் தரும் இடத்திலிருந்து வந்தால், ஆளைத் தூக்கும் இயந்திரமான ஹாய்ஸ்ட் முன்னால் நிற்கும்போது கை நடுங்கும். கேரர்களுக்கான அடிப்படைச் சான்றிதழான கேர் சர்டிஃபிகேட்டும் அப்படித்தான். பணித்திறனை ஒருவர் நேரில் பார்த்துக் கையெழுத்திட்டால்தான் அது முழுமை.

வேலை தேடித் தருவதற்கு ஏஜென்சி உங்களிடம் கட்டணம் வாங்குவது சட்டவிரோதம். டிபிஎஸ், யூனிஃபார்ம் என்று முதல் சம்பளத்தில் பிடிப்பவர்கள் உண்டு. எவ்வளவு, எப்போது என்பதை எழுத்தில் கேளுங்கள்.

மணிக்கு எவ்வளவு என்ற பொய்

விளம்பரத்தில் வரும் தொகைக்கும் கைக்கு வரும் தொகைக்கும் இடையே இரண்டு திரைகள் உண்டு.

முதலாவது விடுமுறைச் சம்பளம். ஒழுங்கற்ற நேரத்தில் வேலை செய்வோருக்கு அதைத் தனியாக வைக்காமல் ஒவ்வொரு சம்பளத்திலும் 12.07 சதவீதமாகச் சேர்த்துக் கொடுக்கலாம். ‘மணிக்கு 14.57’ என்று போட்டிருந்தால், அது 13 பவுண்டு சம்பளமும் 1.57 விடுமுறைப் பணமுமாக இருக்கலாம். விடுமுறைக் காசு அப்போதே செலவாகிவிடும். ஊருக்குப் போகும் மூன்று வாரத்தில் ஒரு பைசா வராது. 2026 ஏப்ரல் முதல் 21 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்குக் குறைந்தபட்ச ஊதியம் 12.71 பவுண்டு. இது விடுமுறைப் பணம் சேர்க்காத தொகை. ஆகவே ‘விடுமுறை உட்பட’ என்று விளம்பரம் சொன்னால் 14.24க்குக் கீழே இருக்கக் கூடாது. 13.50 என்று போட்டிருந்தால் கணக்கு உதைக்கிறது என்று புரிந்துகொள்ளுங்கள்.

இரண்டாவது அம்ப்ரெல்லா கம்பெனி, அதாவது ஏஜென்சிக்கும் உங்களுக்கும் நடுவில் நின்று சம்பளம் தரும் நிறுவனம். ‘மணிக்கு 18 பவுண்டு’ என்றதும் மயங்குவார்கள். அது அசைன்மென்ட் ரேட், ஏஜென்சி அம்ப்ரெல்லாவுக்குத் தரும் தொகை. உங்கள் சம்பளம் அல்ல. 20 மணிக்கு 360 பவுண்டு. அதில் அம்ப்ரெல்லாக்காரர் மார்ஜின் 20 என்று வையுங்கள். மீதியிலிருந்து முதலாளி கட்ட வேண்டிய நேஷனல் இன்ஷூரன்ஸ் 15 சதவீதம், அப்ரென்டிஸ்ஷிப் லெவி அரை சதவீதம், விடுமுறைப் பணம் எல்லாம் போனால் அடிப்படைச் சம்பளம் மணிக்குச் சுமார் 13.70. உங்கள் வரி அதற்குப் பிறகுதான். நேரடி பிஏஒய்இ-யில் (ஏஜென்சியே வரி பிடித்துச் சம்பளம் தரும் முறையில்) 14 தருகிறவர் இவரைவிட மேல். சேரும் முன் ‘கீ இன்ஃபர்மேஷன் டாக்குமென்ட்’ தர வேண்டியது ஏஜென்சியின் சட்டக் கடமை. அதில் மாதிரிக் கணக்கு இருக்கும். அந்த ஒரு தாளை முழுக்கப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். ‘செல்ஃப் எம்ப்ளாய்டாகச் சேர்ந்துகொள்’ என்றால் மாணவர் விசாவுக்கு அது தடை.

சம்பளச் சீட்டில் வரிக் குறியீட்டைப் பாருங்கள். வேறு வேலை ஏதும் இல்லையென்றால் 1257L இருக்க வேண்டும். BR என்று இருந்தால் முதல் பைசாவிலிருந்தே 20 சதவீதம் போகும். பெரும்பாலும் வேலையில் சேரும்போது நிரப்பும் ஸ்டார்ட்டர் செக்லிஸ்ட் படிவத்தில் தவறான கட்டத்தில் டிக் செய்ததன் விளைவு அது.

அங்கேயே இரவு தூங்கி, கூப்பிட்டால் எழும் ‘ஸ்லீப் இன்’ ஷிஃப்டுக்கு ஒரு மொத்தத் தொகைதான் தருவார்கள். தூங்கும் நேரத்துக்குக் குறைந்தபட்ச ஊதியம் இல்லை என்று உச்ச நீதிமன்றம் 2021-ல் சொல்லிவிட்டது. எழுந்து வேலை செய்த நேரத்துக்கு உண்டு. ஆகவே இரவு 2.10க்கு எழுந்தீர்கள், 2.50க்குத் திரும்பிப் படுத்தீர்கள் என்று நேரத்தோடு குறித்து வையுங்கள். ‘வேக்கிங் நைட்’ என்பது வேறு. அதில் கண் மூடினால் வேலை போகும்.

ஷிஃப்டை ஒப்புக்கொள்ளும் முன்

அஞ்சல் குறியீட்டை வாங்கி, அந்தக் கிழமையில் அந்த நேரத்துக்குப் பேருந்து இருக்கிறதா என்று பாருங்கள். ஞாயிறு காலை முதல் பேருந்து எட்டரைக்குத்தான் என்பது சனி இரவு பதினொன்றுக்குத் தெரிந்தால் பயனில்லை. கேர் ஹோமா, நர்சிங் ஹோமா, டிமென்ஷியா பிரிவா, வீடு வீடாகப் போகும் டொமிசிலியரியா என்று கேளுங்கள். டொமிசிலியரியில் ஒரு வீட்டிலிருந்து அடுத்த வீட்டுக்குப் போகும் நேரமும் குறைந்தபட்ச ஊதியக் கணக்கில் சேரும். அதைக் கொடுக்காமல் விடுவோர் உண்டு.

உடை: கைமுட்டிக்குக் கீழே ஒன்றும் இருக்கக் கூடாது. வளையல், கயிறு, கைக்கடிகாரம், நெயில் பாலிஷ் எல்லாம் வீட்டிலேயே. கல் இல்லாத ஒரு மோதிரம் பொதுவாகப் பரவாயில்லை. தாலிச்சங்கிலி டூனிக்குக்குள் இருக்கட்டும். டிமென்ஷியா உள்ளவர் கையில் அகப்பட்டால் பிடித்துத் தொங்குவார். கழுத்தும் போகும், தாலியும் போகும். மாட்டிறைச்சி, பன்றியிறைச்சி பரிமாறுவதில் சங்கடம் இருந்தால் பதியும்போதே சொல்லுங்கள். காலை உணவு மேசையில் பேக்கனைப் பார்த்துப் பின்வாங்குவது யாருக்கும் உதவாது.

முதல் கால் மணி நேரம்

ஷிஃப்ட் மாறும்போது தகவல் சொல்லி ஒப்படைக்கும் ஹேண்ட்ஓவரில் நிரந்தர ஊழியர்கள் பட்டப்பெயரும் சுருக்கெழுத்துமாக வேகமாகப் பேசுவார்கள். ஒரு சின்ன நோட்டில் உங்கள் அறைகளுக்கு மட்டும் எழுதுங்கள். பெயரை எழுதாமல் அறை எண் போதும். ஷிஃப்ட் முடிந்ததும் அந்தத் தாளை அங்கேயே கிழித்துக் ‘கான்ஃபிடென்ஷியல்’ தொட்டியில் போடுங்கள். ஒவ்வொரு அறைக்கும் தெரிந்தே ஆக வேண்டியவை: எப்படி நகர்கிறார், எத்தனை பேர் வேண்டும், சாப்பாடு, பானம் எந்த லெவல், அலர்ஜி, ‘டிஎன்ஏசிபிஆர்’ (இதயம் நின்றால் சிபிஆர் செய்ய வேண்டாம் என்ற உத்தரவு) உண்டா, தோலில் புண் உண்டா, எது செய்தால் கோபம் வரும். கடைசியில் உள்ளதை யாரும் தானாகச் சொல்ல மாட்டார்கள். ‘குளிக்க வைக்கும்போது எப்படி?’ என்று கேட்டால் சொல்வார்கள்.

தீ வழி, அவசர மணி, கதவுக் குறியீட்டு எண் மூன்றையும் கேட்டுக்கொண்டு, ஒவ்வொருவரின் பராமரிப்புக் குறிப்பான கேர் பிளான் பார்க்க லாகின் வாங்குங்கள். ‘பிஸியா இருக்கோம், அப்புறம்’ என்பார்கள். லாகின் இல்லாமல் 12 மணி நேரம் ஓட்டினால், நீங்கள் செய்த எதற்கும் பதிவு இருக்காது.

ஹாய்ஸ்ட்

பெரிய விபத்துகள் இங்கேதான் நடக்கின்றன. ஃபுல் ஹாய்ஸ்டுக்கு இரண்டு பேர். இன்னொருவர் வரும்வரை காத்திருப்பது உங்கள் உரிமை, கடமையும்கூட. ஒரு ரெசிடெண்டின் (இல்லத்தில் வசிப்பவரின்) ஸ்லிங்கை, அதாவது ஆளைத் தாங்கும் துணித் தூளியை, இன்னொருவருக்குப் போடாதீர்கள். கேர் பிளானில் ஸ்லிங் வகையும் அளவும் எந்த நிற லூப் என்பதும் எழுதியிருக்கும். ஸ்லிங் பெரிதாக இருந்தால் ஆள் இடுப்பு வழியே நழுவுவார். சின்னதாக இருந்தால் தொடை அறுபடும், மூச்சும் முட்டும்.

தொடங்கும் முன் பார்க்க வேண்டியவை: ஸ்லிங் லேபிள் படிக்க முடிகிறதா, தையல் பிரிந்திருக்கிறதா, பேட்டரி சார்ஜ் இருக்கிறதா, ஆய்வு ஸ்டிக்கரின் தேதி ஆறு மாதத்துக்குள் இருக்கிறதா. கேத்தீட்டர் பை (சிறுநீர்ப் பை) இருந்தால் அதை முதலில் நகர்த்துங்கள். மறந்தால் இழுபடும், வலி உயிர் போகும்.

படுக்கையில் ஒரு பக்கம் புரட்டி ஸ்லிங்கை விரித்து, மறுபக்கம் புரட்டி இழுத்துவிடுங்கள். அடி விளிம்பு வால் எலும்பு அருகே வர வேண்டும். கால் பட்டைகளைத் தொடைக்கு அடியில் சுருக்கமில்லாமல் கொண்டுவந்து குறுக்காக மாட்டுவது பொதுவான முறை. லூப்புகளை மாட்டியதும், இறுகும் அளவுக்கு மட்டும் தூக்கி நிறுத்துங்கள். நான்கு லூப்பும் கொக்கியில் முழுதாக உட்கார்ந்திருக்கிறதா என்று கண்ணால் பார்த்து, கையால் தொட்டு, பிறகே மேலே. இந்த ஐந்து விநாடியை அவசரத்தில் விட்டால்தான் ஆள் தரையில். தூக்கும்போது ஹாய்ஸ்டின் பிரேக்கை விடுவித்து வைப்பதே வழக்கம்; அப்போதுதான் அது எடைக்கு ஏற்பத் தன் நடுப்புள்ளியைத் தேடிக்கொள்ளும். நாற்காலியின் பிரேக் மட்டும் போட்டிருக்க வேண்டும். லூப்புகள் தொங்கும் குறுக்குக் கம்பியான ஸ்ப்ரெடர் பார் ரெசிடெண்டின் நெற்றியில் இடிக்காமல் ஒருவர் கை அதன்மேல் இருக்கட்டும். ‘இப்ப தூக்கறோம், இப்ப நகத்தறோம்’ என்று ஒவ்வொன்றையும் ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டே செய்யுங்கள். தொங்கிக்கொண்டிருப்பவருக்கு அந்தக் குரல்தான் பிடிமானம்.

அக்குளில் கை கொடுத்துத் தூக்குவதை அனுபவசாலிகள் சிலர் இன்னும் செய்வார்கள். அவருக்குத் தோள் இறங்கும். உங்களுக்கு முதுகு போகும். ‘என் பயிற்சியில் இது இல்லை’ என்று சொல்லி ஸ்லைட் ஷீட்டையோ (வழுக்கித் துணி) ஸ்டாண்ட் எய்டையோ (எழுந்து நிற்க உதவும் கருவி) கொண்டுவாருங்கள். யாராவது விழுந்திருந்தாலும் உடனே தூக்காமல் சீனியரையோ நர்ஸையோ கூப்பிடுங்கள்.

கழுவுதல், தோல்

குளியல் நீர் 44 டிகிரிக்கு மேல் போகக் கூடாது. தெர்மாமீட்டரால் அளந்து எழுதிய பிறகே ஆளை இறக்க வேண்டும். சிறுநீரை உறிஞ்சும் பேட் மாற்றும்போது முன்னிருந்து பின்னாகத் துடையுங்கள். பேரியர் க்ரீமை அப்பக் கூடாது. பேட் ஈரத்தை உறிஞ்சாமல் போய்விடும். குதிகால், இடுப்பெலும்பு, வால் எலும்பு மூன்றையும் ஒவ்வொரு முறையும் பாருங்கள். சிவந்த இடத்தை விரலால் அழுத்தி எடுங்கள். வெளுத்துத் திரும்பச் சிவந்தால் பரவாயில்லை. அழுத்தியும் சிவப்பு மாறவில்லை என்றால் படுக்கைப்புண்ணின் தொடக்கம், உடனே சொல்லுங்கள். கருத்த தோலில் இந்தச் சிவப்பு தெரியாது. சூடு, கடினம், வலி ஆகியவற்றைக் கவனியுங்கள்.

சாப்பாடும் பானமும்

விழுங்கச் சிரமப்படுவோரின் உணவு, பானத் தன்மையைக் குறிக்கும் ஐடிடிஎஸ்ஐ எண்கள் எல்லா இடத்திலும் ஒன்றுதான். உணவில் 4 என்றால் மசித்தது, 5 என்றால் நறுக்கி ஈரமாக்கியது, 6 என்றால் மிருதுவான சின்னத் துண்டுகள். பானம் 0 முதல் 4 வரை. பானத்தைக் கெட்டியாக்கும் திக்கனர் பவுடர் எத்தனை ஸ்கூப் என்பது டின்னுக்கு டின் மாறும். நேற்றுப் போன ஹோமின் கணக்கை இன்று போடாதீர்கள். ஐஸ்க்ரீமும் ஜெல்லியும் வாயில் உருகித் தண்ணீராகிவிடும். திக்கான பானம் குடிப்பவருக்குக் கேட்காமல் கொடுக்கக் கூடாது. மலமிளக்கிப் பவுடர்களில் மேக்ரோகால் வகையைக் கஞ்சிமாவுத் திக்கனரோடு கலந்தால் பானம் நீர்த்துவிடும். திக்கனர் டின்னை மேசையில் விட்டுப் போகாதீர்கள். உலர்ந்த பவுடரை வாயில் போட்டு மூச்சடைத்து இறந்தவர்கள் இங்கே இருந்திருக்கிறார்கள்.

மருந்து கொடுக்கப் பயிற்சியும் மதிப்பீடும் இல்லையென்றால் மருந்து கொடுத்ததைப் பதியும் எம்ஏஆர் சார்ட்டில் கையெழுத்துப் போடாதீர்கள், ‘ஒரு மாத்திரைதானே’ என்றாலும்.

பேச்சு

வட இங்கிலாந்தில் ‘டின்னர்’ பெரும்பாலும் மதியம், ‘டீ’ என்பது மாலைச் சாப்பாடு. டீ வேண்டும் என்கிறாரே என்று ஒரு கோப்பையைக் கொண்டுபோனால் பட்டினி போட்டதாகிவிடும். ‘ஸ்பெண்ட் எ பென்னி’ என்றால் ஒன்றுக்குப் போக வேண்டும். ‘போர்லி’ என்றால் உடம்பு சரியில்லை. நேப்பி என்று சொல்லாதீர்கள், ‘பேட்’. ‘ஃபீட்’ செய்கிறேன் என்பது குழந்தைக்கு, பெரியவர்களுக்கு ‘அசிஸ்ட்’. நாம் பழக்கத்தில் ஆன்டி, அங்கிள் என்று கூப்பிட்டுவிடுவோம். இங்கே அது ஒட்டாது. எப்படிக் கூப்பிட வேண்டும் என்று கேட்டு அந்தப் பெயரைச் சொல்லுங்கள். எண்பது வயதுக்காரரைப் பெயர் சொல்லிக் கூப்பிட நமக்குக் கூசும். சில நாளில் பழகிவிடும். இன்னொன்று நம் தலையாட்டல்: அது ஆமாவா இல்லையா என்று அவர்களுக்குப் புரிவதே இல்லை. வாயால் ‘எஸ்’ சொல்லுங்கள்.

எழுதுதல்

திருப்பிப் படுக்க வைக்கும் சார்ட்டை ஷிஃப்ட் தொடக்கத்திலேயே நிரப்பி வைப்பது பொய்ப்பதிவு. நான்கு மணிக்குத் திருப்பியதாக நீங்கள் எழுதிய நேரத்தில் அவர் ஆம்புலன்ஸில் இருந்தார் என்றால் என்ன சொல்வீர்கள்? செய்ததும் எழுதுங்கள், 24 மணி நேரக் கணக்கில். ‘அக்ரெசிவ்வாக இருந்தார்’ என்பது உங்கள் கருத்து. ‘14.20, சட்டை மாற்றும்போது என் வலது கையைத் தட்டிவிட்டார், இருமுறை நோ என்றார், நிறுத்தினேன், 14.45க்கு மறுபடி கேட்டபோது சம்மதித்தார்’ என்பது பதிவு. புதிதாகக் காயமோ கன்றிய தடமோ கண்டால் பாடி மேப்பில் (உடல் வரைபடத்தில்) குறித்து சீனியரிடம் சொல்லுங்கள். காலையில் பார்க்காமல் விட்டது மாலையில் ஏஜென்சி ஆள் தலையில்தான் விழும்.

டைம்ஷீட்

இறங்கும் முன் கையெழுத்து வாங்கி, அங்கேயே போனில் படம் எடுத்து அனுப்புங்கள். இடைவேளை கிடைக்கவில்லை என்றால் ‘நோ பிரேக்’ என்று பொறுப்பாளரிடம் எழுதி வாங்குங்கள். ஏஜென்சி தானாக ஒரு மணியைக் கழிக்கும். கையெழுத்து விட்டுப்போனது, ஹோம் இன்னும் பணம் கட்டவில்லை போன்ற காரணங்களுக்காக ஏஜென்சி உங்கள் சம்பளத்தை மறுக்க முடியாது. வேலை செய்தீர்களா என்று விசாரிக்க நியாயமான அவகாசம் எடுக்கலாம், அவ்வளவுதான். நகராவிட்டால் வேலைத் தகராறுகளுக்கு ஆலோசனை தரும் ஏகாஸ் (Acas) அமைப்பிடம் இலவசமாக ஆலோசனை கேட்கலாம்.

எந்த ஹோமில் எந்த வாரம் போனீர்கள் என்று ஒரு டைரியில் எழுதி வாருங்கள். ஒரே இடத்தில் ஒரே வேலையில் 12 வாரம் ஆனால், அங்கே நேரடியாக எடுக்கப்படுபவருக்குரிய அடிப்படைச் சம்பளமும் வேலை நேர உரிமையும் உங்களுக்கும் வரும். வாரத்தில் ஒரு ஷிஃப்ட் போனாலும் அது ஒரு வாரம்தான். நடுவில் ஆறு வாரத்துக்கு மேல் இடைவெளி விழுந்தால் எண்ணிக்கை மறுபடி ஒன்றிலிருந்து. பதினோராவது வாரம் திடீரென்று வேறு ஹோமுக்கு அனுப்பினால் ஏன் என்று மின்னஞ்சலில் கேளுங்கள். தொலைபேசியில் கேட்டால் பதில் எங்கும் பதிவாகாது.